மட்டாஞ்சேரியின் கதை – 12: கயிறு பிடித்து எடுத்த சத்தியம்

மட்டாஞ்சேரியில் 1653 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை எடுக்கப்பட்ட கூனன் குருசு சத்தியம், கேரளக் கிறிஸ்தவர்களின் வரலாற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாக்கிவிட்டது. அப்போஸ்தலர் தோமாவின் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட நஸ்ராணிகள் ஊர் ஊராகத் திரண்டு வந்து, இயேசு சபையைச் சேர்ந்த பேராயருக்கு இனிமேல் கீழ்ப்படிவதில்லை என்று சிலுவையின் பேரில் ஆணையிட்டார்கள். ஆணையின் வாசகம் என்ன என்பதில் அவர்களின் வழித்தோன்றல்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஆனால் அன்றைய சண்டைக்கு அடியில் கிடந்த கேள்வி தெளிவானது. ஒருவனுடைய நம்பிக்கையையும் அவனுடைய நடத்தையையும் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? தொலைதூரத்துத் தலைமைக்கா, ஊர்க் கூட்டத்துக்கா, அவனுக்கேவா? மூன்றாவது விடையை அன்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நடந்தவை எல்லாம் அதை நோக்கியே தள்ளின.

இது மட்டாஞ்சேரியில் நடந்ததற்குக் காரணம் உண்டு. கொச்சிக் கோட்டை போர்த்துகீசியரின் கையில் இருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் மண். கோவாவில் 1560இல் மத விசாரணை மன்றம் அமைந்த பிறகு, போர்த்துகீசிய ஆட்சிக்குள் வேறு மதத்தாரின் வாழ்வு நெருக்கடிக்குள்ளானது. மட்டாஞ்சேரியில் கதை வேறு. ராஜாவின் அரண்மனை, அதற்குள் பழையன்னூர் பகவதி கோயில், மதிலை ஒட்டினாற்போல் 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெபஆலயம், சற்றுத் தள்ளிச் செர்லாயில் கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணிகளின் திருமலைக் கோயில் எல்லாம் நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் இருந்தன. இதை இன்றைய பொருளில் மதச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. சாதிக் கட்டுப்பாடு அங்கேயும் கடுமையாகவே இருந்தது. ஆனால் எந்தத் தெய்வத்தை எந்த மொழியில் வணங்குகிறாய் என்று ராஜாவின் ஆள் வந்து கேட்டதில்லை. கோட்டைக்குள் சொல்ல முடியாததைச் சொல்ல நஸ்ராணிகளுக்குக் கிடைத்த இடம் அது.

போர்த்துகீசியர் வருவதற்கு முன் நஸ்ராணிகளின் சபை பாபிலோன் முதுபெரும் தந்தை என்று அவர்கள் குறிப்பிட்ட கிழக்குச் சபைத் தலைவரிடமிருந்து ஆயர்களைப் பெற்றுவந்தது. வழிபாடு சுரியானி மொழியில் நடந்தது. கடல் கடந்து வரும் ஆயர் பூசை செய்வார், குருப்பட்டம் கொடுப்பார். அன்றாட ஆட்சி அவரிடம் இருந்ததில்லை. அது அர்க்கதியாக்கோன் என்ற உள்ளூர்த் தலைவரின் பொறுப்பு. ‘ஜாதிக்குக் கர்த்தவ்யன்’ என்பது அவருடைய பட்டம்; குருமாரை மட்டுமல்ல, ஆயுதம் தாங்கிய ஆண்களையும் அவர் சொல் கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு தேவாலயத்துக்கும் பள்ளியோகம் என்ற சபை உண்டு. கத்தனார்கள் எனப்படும் உள்ளூர்க் குருமாரும் குடும்பத் தலைவர்களும் அதில் உட்கார்ந்து கோயில் சொத்து முதல் ஒழுக்கக் கேடு வரை எல்லாவற்றையும் பேசி முடிவெடுப்பார்கள். பெண்களுக்கு அதில் இடமில்லை. இந்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்து ‘மார்த்தோமா மார்க்கம்’ என்று நஸ்ராணிகள் அழைத்தார்கள். நம்பிக்கையும் நடைமுறையும் சாதி அந்தஸ்தும் பிரிக்க முடியாதபடி அதில் பின்னிக் கிடந்தன.

கிழக்குச் சபையிலிருந்து வந்து நீண்ட காலம் பணியாற்றிய மார் ஆபிரகாம் 1597இல் அங்கமாலியில் இறந்தார். கோவாவின் பேராயர் அலெய்ஷோ டி மெனெசிஸ் இந்தச் சபையை ரோமின் நேரடி ஆளுகைக்குள் கொண்டுவர அதையே தருணமாக எடுத்துக்கொண்டார். அப்போதைய அர்க்கதியாக்கோன் ஜார்ஜ், அங்கமாலியில் ஆட்களைக் கூட்டி, பாபிலோனிலிருந்து வரும் ஆயரைத் தவிர வேறு யாரையும் ஏற்பதில்லை என்று உறுதி எடுக்கவைத்தார். மட்டாஞ்சேரிச் சத்தியத்துக்கு முன்னோடி இது.

மெனெசிஸ் 1599 தொடக்கத்தில் நேரில் வந்து இறங்கினார். வைப்பிக்கோட்டைக் குருமடத்தில், பாபிலோன் தலைவரை உலகச் சபையின் மேய்ப்பர் என்று வழிபாட்டில் சொல்லுபவர்கள் சபைக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்தார். ஊர் ஊராகப் போனார். சில இடங்களில் கதவடைத்தார்கள், சில இடங்களில் வரவேற்றார்கள். போகிற இடமெல்லாம் புதிதாகக் குருப்பட்டமும் கொடுத்தார். பட்டம் பெற வந்தவர் ஒவ்வொருவரும் ரோமுக்குக் கீழ்ப்படிவதாக முதலில் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. சில மாதங்களில் இப்படிப் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ நூறு பேர். மாநாடு கூடும் முன்பே வாக்கு யார் பக்கம் என்பது முடிவாகிவிட்டது.

அந்த மாநாடுதான் உதயம்பேரூர் சூனகதோஸ். திருப்பூணித்துறைக்குத் தெற்கே உள்ள உதயம்பேரூர் தேவாலயத்தில் 1599 ஜூன் 20 முதல் 26 வரை நடந்தது. 153 குருமாரும் 660 பொதுமக்கள் பிரதிநிதிகளும் கலந்துகொண்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. தீர்மானங்கள் போர்த்துகீசிய மொழியில் முன்கூட்டியே எழுதப்பட்டு, மலையாளத்தில் பெயர்த்து வாசிக்கப்பட்டன. மாநாட்டின் தொடக்கத்தில் மெனெசிஸ் மண்டியிட்டு விசுவாச அறிக்கையைச் சத்தியமாகச் சொன்னார். பிறகு அர்க்கதியாக்கோன், அவருக்குப் பின் குருமார். பள்ளியோகத்தில் கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகிய ஒரு சமூகத்திடம், தனித்தனி ஆளாக மண்டியிட்டு உன் நம்பிக்கை இன்னது என்று ஆணையிட்டுச் சொல் என்று கேட்ட முறை புதியது. சத்தியம் என்ற ஆயுதத்தின் கூர்மையை நஸ்ராணிகளுக்குக் காட்டிக்கொடுத்தவர் மெனெசிஸ்தான். 54 ஆண்டு கழித்து அதே ஆயுதம் திரும்பி வந்தது.

உதயம்பேரூர்த் தீர்மானங்களில் மூன்றாம் அமர்வின் ஒரு பகுதி தனியாக நின்று படிக்கத் தக்கது. அக்கம்பக்கத்து இந்துக்களிடமிருந்து நஸ்ராணிகளுக்குத் தொற்றிய பிழைகள் என்று மூன்று கருத்துகளை அது பட்டியலிட்டுக் கண்டிக்கிறது. முதலாவது, மறுபிறவி. இரண்டாவது, தலைவிதி, பிறக்கும்போதே எழுதப்பட்டபடிதான் மனிதன் நடக்கிறான், அவன் கையில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை. மூன்றாவது, அவரவர் தத்தம் மார்க்கத்தில் நின்றே கடைத்தேறலாம், எல்லா மார்க்கங்களும் நல்லவையே, எல்லாம் மோட்சத்துக்கே கொண்டுசேர்க்கும் என்ற எண்ணம்.

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கண்டித்ததில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. தலைவிதியை மறுத்தபோது மாநாடு மனிதனின் சுயவிருப்பத்துக்காக வாதாடியது. செய்கிற செயலுக்கு மனிதனே பொறுப்பு. விதியின் மேல் பழி போட்டு ஒழுக்கத்திலிருந்து நழுவ முடியாது என்பது அதன் நிலை. ஒழுக்கம் பற்றிய எந்த விவாதத்திலும் இது வலுவான தரப்பு. ஆனால் அதே சுயவிருப்பம் மார்க்கத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்ததும் வாசல் சாத்தப்படுகிறது. நன்மை தீமையைத் தேர்ந்தெடுக்க மனிதனுக்கு அறிவும் உரிமையும் உண்டு, உண்மையான மார்க்கம் எது என்று தீர்மானிக்க மட்டும் இல்லை. நஸ்ராணிகளிடம் இருந்ததோ இதற்கு நேர் எதிரான கலவை. ஜாதகம் பார்த்தார்கள், விதியை நம்பினார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் அவனுடைய வழியில் கரையேறுவான் என்பதில் அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. நாயர் வீடும் யூதர் வீடும் கொங்கணி வீடும் சூழ வாழ்ந்தவர்களுக்கு அது தத்துவமாக அல்ல, அன்றாடப் பழக்கமாகவே வந்திருக்கும். திருச்சபை வரலாற்றாசிரியர் மத்தியாஸ் முண்டாடன், அன்றைய ஐரோப்பியரைவிடத் தோமா கிறிஸ்தவர்கள் பிற மதங்களை விரிந்த மனத்தோடு பார்த்தார்கள் என்பதற்கு இந்தக் கண்டனத் தீர்மானத்தையே சான்றாகக் கொள்கிறார். தடை போட்டவர் எழுதிவைத்ததால்தான், தடைசெய்யப்பட்ட கருத்து அங்கே உலவியது என்று தெரிகிறது.

அதே அமர்வு இன்னொரு கருத்தையும் கண்டித்தது. தோமாவின் சட்டம் வேறு, பேதுருவின் சட்டம் வேறு, ஒன்றில் மற்றது தலையிட முடியாது என்று நஸ்ராணிகள் சொல்லிவந்தார்கள். ரோமின் அதிகாரம் பேதுருவின் வழியாக வருவது. ஆகவே எங்கள் மேல் செல்லாது என்பது அதன் உட்பொருள். இந்த வாதத்தைத் தீர்மானத்தால் நிறுத்த முடிந்தது, மனத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

ஒழுக்கம் பற்றிய தீர்மானங்களை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லவோ புகழவோ முடியாது. குருமார் மணம் செய்யக் கூடாது என்றது மாநாடு. அதுவரை மனைவி மக்களோடு வாழ்ந்த கத்தனார்களின் குடும்பங்கள் ஒரே நாளில் முறைகேடாகிப்போயின. ஆண்கள் காது குத்திக்கொள்வதற்கும் ஓணப் பண்டிகை விளையாட்டுகளில் கலந்துகொள்வதற்கும் தடை வந்தது. சுரியானி ஏடுகள் திருத்தப்பட்டன; பல எரிக்கப்பட்டன. ஒரு சமூகத்தின் பழைய நூல் செல்வம் அப்படிப் போனது ஈடுசெய்ய முடியாத இழப்பு. மறுபக்கத்தில், தாழ்ந்தவராகக் கருதப்பட்டவரைத் தொட்டுவிட்டுக் குளித்துத் தீட்டுக் கழிக்கும் வழக்கத்தை அதே மாநாடு கண்டித்தது. மகன் இல்லாத வீட்டில் மகள் இருக்கும்போதே சொத்து தூரத்து ஆண் உறவுக்குப் போவது அநியாயம் என்றும் சொன்னது. நூல்களை எரித்த தீர்மானம் நிறைவேறியது. மகளுக்குச் சொத்து என்பது ஏட்டில் நின்றது. சுரியானிக் கிறிஸ்தவப் பெண்ணுக்குத் தந்தை சொத்தில் சமபங்கு உண்டு என்பது, மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்த பிறகே சட்டப்படி நிலைநின்றது. வெளியிலிருந்து வந்த கட்டளையில் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு, வசதியில்லாததைச் சமூகம் எப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உதயம்பேரூரில் கிடைத்த சம்மதம் மனமொப்பிய சம்மதமா? அங்கே மெனெசிஸுக்குத் துணையாக இருந்த பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற இயேசு சபை அறிஞரே பின்னாளில் ஐயம் எழுப்பினார். தீர்மானங்கள் முறையாக விவாதிக்கப்படவில்லை, கூடியிருந்தவர்களுக்கு அவை விளங்கவும் இல்லை என்பது அவருடைய குறை. சுரியானியும் மலையாளமும் அறிந்த அவர் 1601இல் நஸ்ராணிகளின் ஆயரானார். 1603இல் அங்கமாலியில் தாமே வேறொரு மாநாடு கூட்டினார். பின்னர் பேராயராகக் கொடுங்ஙல்லூரில் அமர்ந்தார்.

ரோஸின் பெயர் தமிழ் வரலாற்றிலும் வருகிறது. மதுரை மறைப்பணித் தளம் அவருடைய ஆளுகைக்குள் இருந்தது. மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் டி நொபிலி, பிராமணரும் உயர்சாதியினரும் கிறிஸ்தவராக மாறினாலும் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்று வாதிட்டார். அவை நாட்டு வழக்கம், மதச் சின்னம் அல்ல என்பது அவர் கட்சி. கோவாவில் 1619இல் நடந்த விசாரணையில் பெரும்பான்மையோர் அவரை எதிர்த்தார்கள். ரோஸ் அவர் பக்கம் நின்றார். கடைசியில் 1623இல் போப் பதினைந்தாம் கிரிகோரி நொபிலிக்குச் சாதகமாக ஆணை பிறப்பித்தார். மதுரையில் பூணூல் நாட்டு வழக்கமென்று தப்பித்தது. உதயம்பேரூரில் காது குத்துவது நாட்டு வழக்கமென்று தப்பவில்லை. எது மதம், எது வெறும் வழக்கம் என்ற கோட்டை யார் கிழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு அமைந்தது. மதுரையிலும் அந்தக் கோடு உயர்சாதிக்குத் தோதாகவே விழுந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ரோஸ் 1624இல் இறந்தபின் ஸ்டீபன் பிரிட்டோவும், 1641 முதல் பிரான்சிஸ்கோ கார்சியாவும் பேராயர்களானார்கள். மூவரும் இயேசு சபையினர். ஜார்ஜின் இடத்துக்கு அவர் குடும்பத்தைச் சேர்ந்த பறம்பில் தோமா அர்க்கதியாக்கோனாக வந்தார். கார்சியா படிப்பாளி, இந்தியக் கதைகளைப் போர்த்துகீசிய மொழியில் எழுதிவைத்தவர். ‘முப்பத்திரண்டு குணங்கள் நிறைந்த மனிதன்’ என்ற தலைப்பில் அவை 1958இல் லிஸ்பனில் நூலாக வந்தன. நாட்டுக் கதைகளின் மேல் இவ்வளவு காதல் கொண்டவர், நாட்டுத் தலைவரோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. குருப்பட்டத்துக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது, கடிதங்களில் யாருடைய ஒப்பம் வேண்டும், தேவாலயங்களின் பணம் யார் பொறுப்பு என்று வழக்கு நீண்டது. இதில் எங்கும் இறையியல் இல்லை. முன்பு அர்க்கதியாக்கோனைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது, இப்போது அவர் வெறும் கீழ்நிலை அதிகாரி என்பதுதான் வேதனை.

இந்தக் கொதிநிலையில் 1652இல் அகத்தல்லா என்ற மேற்காசிய ஆயர் மயிலாப்பூரில் வந்து சேர்ந்தார். அலெப்போவில் பிறந்த சுரியானி ஆயர். இடையில் ரோமில் தங்கி அந்தச் சபையோடு இணங்கியவர். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் முதுபெரும் தந்தை என்று தன்னை அறிவித்துக்கொண்டார். போர்த்துகீசியர் அவரைப் பிடித்து இயேசு சபையாரின் காவலில் வைத்தார்கள். தோமாவின் கல்லறையைத் தரிசிக்கக் கேரளத்திலிருந்து மயிலாப்பூருக்குப் போயிருந்த இளங்குருமார் சிலர் அங்கே அவரைச் சந்தித்து, அர்க்கதியாக்கோனுக்கு அவர் எழுதிய கடிதத்தோடு ஊர் திரும்பினார்கள். அரை நூற்றாண்டாகக் காத்திருந்த கிழக்கத்திய ஆயர் வந்துவிட்டார் என்ற செய்தி மலங்கரை எனப்படும் கேரளக் கரை முழுவதும் பரவியது.

அவரைக் கோவாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் கொச்சியில் நின்றது. அர்க்கதியாக்கோன் தோமா ஆயுதம் தாங்கிய ஆட்களோடும் கத்தனார்களோடும் வந்து, அந்த ஆயரைப் பார்க்கவாவது விடுங்கள், அவருடைய சான்றுகளைச் சோதித்துப் பாருங்கள், பொய்யானவர் என்றால் தண்டியுங்கள் என்று கேட்டார். கோட்டையின் கதவு திறக்கவில்லை. பேராயர் கார்சியாவும் வந்து பேசவில்லை. கப்பல் போய்விட்டது. அவரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி எழுந்தது. உண்மையில் அகத்தல்லா கோவாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். ரோம் போகும் வழியில் பாரிசில் இறந்தார் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால் கொச்சிக் கரையில் நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத அதிகாரம் வதந்திக்குத் தானே இடம் கொடுத்தது.

அதன் பிறகே மட்டாஞ்சேரிக் கூட்டம். ஜீவமாதாவின் தேவாலயத்தில் அர்க்கதியாக்கோனும் மூத்த கத்தனார்களும் வேதநூலும் சிலுவையும் மெழுகுவர்த்தியும் சாட்சியாக ஆணையிட்டார்கள். வெளியே நின்ற கூட்டம் கல் சிலுவையை நெருங்க முடியாத அளவு பெரியது. சிலுவையில் கயிறுகளைக் கட்டி நாலாபக்கமும் நீட்டினார்கள். கை எட்டாதவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்துபோனது, அதனால்தான் அது கூனன் குருசு என்பது மரபுக்கதை. முன்பே சாய்ந்து நின்ற சிலுவைதான் அது என்போரும் உண்டு. நஸ்ராணிகள் இரண்டு லட்சம் பேரில் நானூறு பேரே பேராயர் பக்கம் எஞ்சினார்கள் என்று பல நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு, எழுச்சியின் வீச்சைக் காட்டுமே தவிர, தலை எண்ணி எழுதியதல்ல.

அவர்கள் சொன்ன வாசகம் என்ன? ஒரு மரபின்படி, கார்சியாவுக்கும் ‘சம்பாளூர் பாதிரிமாருக்கும்’, அதாவது இயேசு சபையாருக்கும், கீழ்ப்படிய மாட்டோம் என்பது மட்டுமே சத்தியம். இன்னொரு மரபின்படி, ரோமின் போப்பையே இனி ஏற்க மாட்டோம் என்று தாங்களும் தங்கள் தலைமுறையும் கட்டுப்பட்டார்கள். கத்தோலிக்க வரலாற்றாசிரியர்கள் முதலாவதையும், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய எழுத்தாளர்கள் பெரும்பாலும் இரண்டாவதையும் ஏற்கிறார்கள். 1653 எழுச்சியை ஆவணங்களோடு ஆராய்ந்த யாக்கோபு கொல்லாபறம்பில், சத்தியம் போப்புக்கு எதிரானதல்ல என்ற முடிவுக்கு வந்தார். கிடைக்கும் அக்கால ஆவணங்களின் பாரம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் அந்த முற்றத்தில் கயிற்றைப் பிடித்து நின்ற ஆயிரக்கணக்கானோர் எல்லாரும் ஒரே அர்த்தத்தில்தான் ஆணையிட்டார்கள் என்று எந்த ஆவணத்தாலும் நிறுவ முடியாது. கூட்டமாக எடுத்த சத்தியத்தில் வாசகம் ஒன்றாக இருக்கலாம், மனம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அடுத்து நடந்தது இன்னும் சிக்கலானது. பேராயரைத் துறந்தாயிற்று, ஆயர் இல்லாமல் சபை நடப்பது எப்படி? 1653 மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள் அர்க்கதியாக்கோன் தோமாவின் தலைமேல் கைவைத்து அவரை ஆயராக்கினார்கள். ஆயர் இல்லாத நிலையில் பன்னிரு குருமார் இப்படிச் செய்யலாம் என்று அகத்தல்லாவே எழுதியதாக ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. கல்லிசேரியின் ஆஞ்ஞிலிமூட்டில் இட்டித்தொம்மன் கத்தனார் தாமே புனைந்த கடிதம் அது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கத்தனாரின் கட்சிக்காரர் இதை எப்படி நியாயப்படுத்தினாலும், நேர்மையின் பேரால் எழுந்த இயக்கம் நான்கே மாதத்தில் பொய்க் கடிதத்தின் நிழலுக்குள் போனது மறுக்க முடியாத சறுக்கல். ஆயருக்குத்தான் இன்னொருவரை ஆயராக்கும் அதிகாரம் என்பது அன்றைய சபைகள் அனைத்தும் ஏற்ற விதி. மார் தோமா என்று பெயர் ஏற்றவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 1665இல் எருசலேமிலிருந்து சுரியானி ஆர்த்தடாக்ஸ் ஆயர் மார் கிரிகோரியோஸ் வந்தபோது அவரை மனமுவந்து ஏற்றார்.

ரோம் இதற்குள் விழித்துக்கொண்டது. போப் ஏழாம் அலெக்சாண்டர், இயேசு சபையாரை அனுப்பாமல் கார்மல் துறவிகளை அனுப்பினார். அவர்களில் முதன்மையானவர் ஜோசப் செபஸ்தியானி. 1657இல் வந்தார், திரும்பிப் போய் ஆயர் பட்டத்தோடு 1661இல் மீண்டும் வந்தார். சத்தியத்தின் வாசகம் அப்போதுதான் நடைமுறைச் சிக்கலாயிற்று. சத்தியம் இயேசு சபையாருக்கு எதிரானது மட்டும் என்றால், கார்மல் துறவியை ஏற்பதில் மீறல் ஏதும் இல்லை. ரோமுக்கே எதிரானது என்றால், ஏற்பது ஆணையிட்டதை மீறுவது. ஆணையை மீறுவது பாவம். தவறான சத்தியம் கட்டுப்படுத்துமா? தகப்பன் எடுத்த ஆணை மகனைப் பிடிக்குமா? எழுச்சியின் நாளில் எழாத இந்தக் கேள்விகள், ஒவ்வொரு பள்ளியோகத்திலும் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இப்போது எழுந்தன. முடிவும் ஒன்றாக வரவில்லை. 116 தேவாலயங்களில் 84 ரோமின் பக்கம் திரும்பின, 32 மார் தோமாவோடு நின்றன என்பது மரபான கணக்கு. சில ஊர்களில் ஒரே தேவாலயத்தை இரு தரப்பும் பங்குபோட்டன. அர்க்கதியாக்கோனின் ஆலோசகர்களான கடவில் சாண்டியும் பறம்பில் சாண்டியும் செபஸ்தியானியின் பக்கம் வந்துவிட்டார்கள். பறம்பில் சாண்டி மார் தோமாவின் சொந்த உறவினர். மட்டாஞ்சேரியில் சமூகம் ஒரே உடலாக முடிவெடுத்தது; பத்தே ஆண்டுக்குள், உறவையும் தலைமையையும் மீறித் தன் மனத்துக்குச் சரியென்று பட்டதைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். அதில் நம்பிக்கை எவ்வளவு, பதவியாசை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். அதற்கு முந்திய முற்றுகையின்போது டச்சுக்காரருக்கு ஆதரவு காட்டினார்கள் என்று மட்டாஞ்சேரி யூதர்களின் ஜெபஆலயத்தைப் போர்த்துகீசியர் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். வென்றவர்கள் கத்தோலிக்க ஐரோப்பியத் துறவிகளை வெளியேறச் சொன்னார்கள். கிளம்பும் முன் செபஸ்தியானி பிப்ரவரி 1 அன்று கடுத்துருத்தியில் பறம்பில் சாண்டிக்கு ஆயர் பட்டம் கொடுத்தார். எந்த உள்ளூர்த் தலைமைக்காகச் சண்டை தொடங்கியதோ, அந்தத் தலைமையை இரு தரப்பும் ஆயராகவே பெற்றுவிட்டன. ஆனால் இப்போது தரப்பு இரண்டு. ரோமோடு நின்றவர்கள் பழையகூற்றார் என்றும், மார் தோமாவோடு நின்றவர்கள் புத்தன்கூற்றார் என்றும் அழைக்கப்பட்டார்கள்.

பிளவு அதோடு நிற்கவில்லை. புத்தன்கூற்றாரிடையே சீர்திருத்தம் பேசியோர் தனியாகப் போய், திருவிதாங்கூர் மேல்முறையீட்டு மன்றத்தின் 1889 தீர்ப்புக்குப் பின் மார்த்தோமா சபையானார்கள். 1930இல் மார் இவானியோஸ் தலைமையில் ஒரு பகுதியினர் ரோமோடு இணைந்தார்கள். எஞ்சியோர் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய என்று இரண்டாகி நீதிமன்றம் ஏறினார்கள். உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 3 அன்று, 1934ஆம் ஆண்டுச் சபைச் சட்டத்தின்படியே தேவாலயங்கள் ஆளப்பட வேண்டும் என்று ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஓர் ஊரில் பெரும்பான்மையோர் வேறு தலைமையை விரும்பினாலும் கோயில் அவர்களோடு போகாது. பிடிக்காதவர் வெளியேறலாம், கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது அதன் சாரம். தனிமனிதனின் விருப்பத்தைச் சட்டம் மதித்தது, ஆனால் வெறுங்கையோடு போகச் சொன்னது.

ரோமின் தரப்பிலும் காலம் நகர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, பிற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்கவில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று வெளியான இன்னொரு ஆவணம், மத விஷயத்தில் யாரையும் மனச்சாட்சிக்கு எதிராக நடக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்றது. அவரவர் மார்க்கத்திலேயே கடைத்தேறலாம் என்று நஸ்ராணிகள் சொன்னதை ரோம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல; உதயம்பேரூரின் குரலும் இதுவல்ல. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அதற்கு முன்பே 1950இல் மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஒவ்வொரு ஆளுக்கும் உரிமையாக எழுதிவிட்டிருந்தது.

மட்டாஞ்சேரியில் இன்று இரண்டு தேவாலயங்கள் அந்தச் சத்தியத்தோடு தொடர்புடையவை. ஜீவமாதா தேவாலயம் லத்தீன் கத்தோலிக்கரிடம் இருக்கிறது. கூனன் குருசின் பெயரில் உள்ள பழைய சுரியானி தேவாலயம் ஆர்த்தடாக்ஸ் சபையிடம் இருக்கிறது. சத்தியத்தின் நாளை ஆர்த்தடாக்ஸ் தரப்பு ஜனவரி 3 அன்று நினைவுகூர்கிறது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் தரப்புகளின் சண்டையில் பிணம் அடக்குவதற்கும் இடம் மறுக்கப்பட்ட நிலை முற்றியபோது, கேரள அரசு 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கல்லறைத் தோட்டம் எந்தத் தரப்பின் கையில் இருந்தாலும், முன்னோர் புதைந்த இடத்தில் புதைக்கப்படும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. இறுதிச் சடங்கை எந்தக் குருவை வைத்து, எங்கே நடத்துவது என்பதை உறவினரே முடிவு செய்துகொள்ளலாம்.